வெளிநாடு சென்ற ஐ.பி.எல். போட்டிகளும் கடலூர்–சிதம்பரம் வட்டாரமும்

இந்தியன் பிரிமியர் லீக் எனப்படும் ஐ.பி.எல். கிரிக்கெட் தொடர் 2008 ஏப்ரல் 18 அன்று பெங்களூரில் தொடங்கியது. ஒவ்வோர் அணியும் ஓர் ஊரின் அல்லது மாநிலத்தின் பெயரைத் தாங்கியிருக்கும். தனது ஆட்டங்களில் பாதியைச் சொந்த மைதானத்திலும் மீதியை எதிரணியின் மைதானத்திலும் ஆடும். இதுவே தொடரின் அடிப்படை ஏற்பாடு. முதல் ஆண்டில் எட்டு அணிகள் தலா 7 ஆட்டங்களைச் சொந்த மண்ணில் ஆடின. ஆனால் 2009, 2014, 2020, 2021 ஆகிய ஆண்டுகளில் தொடர் முழுமையாகவோ பகுதியாகவோ வெளிநாட்டில் நடைபெற்றது. 2018-இல் சென்னை அணியின் சொந்த மைதான ஆட்டங்கள் மட்டும் வேறு மாநிலத்திற்குச் சென்றன.

கடலூருக்கும் சிதம்பரத்துக்கும் ஐ.பி.எல். மைதானம் எதுவும் கிடையாது. சேப்பாக்கம் கடலூரிலிருந்து சுமார் 180 கி.மீ., சிதம்பரத்திலிருந்து சுமார் 230 கி.மீ. தொலைவில் உள்ளது. ஆயினும் போட்டிகள் இடம்பெயர்ந்த ஒவ்வொரு முறையும் இவ்வட்டாரத்து மக்களுக்கு அதில் ஏதோ ஒரு தொடர்பு இருந்திருக்கிறது. சில சமயம் போட்டி சென்ற இடத்தில் இவ்வட்டாரத்தவர் முன்பே குடியேறியிருந்தனர். ஒரு முறை போட்டி வெளியேறியதற்கே இவ்வட்டாரத்தின் தண்ணீர்த் தேவை காரணமாயிற்று.

சேப்பாக்கமும் சிதம்பரம் என்ற பெயரும்

சென்னை சூப்பர் கிங்ஸ் அணியின் சொந்த மைதானத்தின் முழுப்பெயர் எம். ஏ. சிதம்பரம் மைதானம். இது சிதம்பரம் நகரின் பெயர் என்று மாணவர்கள் சிலர் நினைத்துக்கொள்வதுண்டு. அது ஊர்ப்பெயர் அன்று, ஆளின் பெயர். இந்தியக் கிரிக்கெட் வாரியத்தின் தலைவராக இருந்த தொழிலதிபர் எம். ஏ. சிதம்பரம் செட்டியாரின் நினைவாக இடப்பட்டது. எனினும் சிதம்பரம் நகருடன் தொடர்பே இல்லை என்றும் கூற முடியாது. அவருடைய தந்தையார் ராஜா சர் அண்ணாமலைச் செட்டியாரே 1929-இல் சிதம்பரத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தை நிறுவியவர். 2009-இல் போட்டிகள் நாட்டைவிட்டு வெளியேறியபோது மத்திய உள்துறை அமைச்சராக இருந்த ப. சிதம்பரம், அதே அண்ணாமலைச் செட்டியாரின் மகள்வழிப் பேரன்.

சொந்த மைதானம் என்பது பெயரளவிலான ஏற்பாடு அன்று. தொலைக்காட்சி உரிமை, முதன்மை விளம்பரதாரர் போன்றவற்றின் வருவாய் வாரியத்திற்கு வந்து அணிகளுக்குப் பங்கிடப்படுகிறது. நுழைவுச்சீட்டு வருவாயோ அந்த ஆட்டத்தைத் தன் மைதானத்தில் நடத்தும் அணிக்கே சேருகிறது. ஆடுகளம் எப்படிப் பழகியது, மாலையில் காற்று எப்பக்கம் வீசும் என்பன போன்ற விவரங்கள் உள்ளூர் அணிக்குத் தெரியும். மைதானத்தைச் சுற்றித் தண்ணீர் பாட்டிலும் மஞ்சள் சட்டையும் விற்போருக்கு அந்த ஏழு நாட்கள் நல்ல வியாபாரம். போட்டி இடம்பெயரும்போது தொலைக்காட்சிப் பணம் குறைவதில்லை. மற்றவை அனைத்தும் நின்றுபோகின்றன. இந்த வேறுபாட்டை மனத்தில் கொண்டால்தான் பின்வரும் நிகழ்வுகள் விளங்கும்.

2009: தென்னாப்பிரிக்கா

2009 மார்ச் 3 அன்று பாகிஸ்தானின் லாகூரில் இலங்கைக் கிரிக்கெட் அணி சென்ற பேருந்து மீது தாக்குதல் நடந்தது. அதற்குச் சில மாதங்களுக்கு முன்னர்தான் மும்பைத் தாக்குதல் நிகழ்ந்திருந்தது. இந்நிலையில் ஏப்ரல் 16 முதல் மே 13 வரை ஐந்து கட்டங்களாக மக்களவைத் தேர்தல் அறிவிக்கப்பட்டது. அதே வாரங்களில்தான் ஐ.பி.எல். அட்டவணையும் இருந்தது. துணை ராணுவப் படைகள் தேர்தல் பணிக்குத் தேவைப்பட்டதால், போட்டிகளுக்குப் பாதுகாப்புத் தருவது கடினம் என உள்துறை அமைச்சகமும் பல மாநில அரசுகளும் தெரிவித்தன. மார்ச் 22 அன்று தொடரை வெளிநாட்டுக்குக் கொண்டுசெல்ல வாரியம் முடிவு செய்தது. இங்கிலாந்தும் பரிசீலிக்கப்பட்டது, இரண்டு நாட்களில் தென்னாப்பிரிக்கா தேர்வாயிற்று.

அறிவிப்புக்கும் முதல் ஆட்டத்துக்கும் இடையே நான்கு வாரங்கள்கூட இல்லை. ஏப்ரல் 18 அன்று கேப்டவுனில் சென்னை அணியும் மும்பை அணியும் மோதின. மும்பை 19 ரன் வித்தியாசத்தில் வென்றது. எட்டு நகரங்களில் தொடர் நடந்தது. ஆட்டங்கள் இந்திய நேரப்படி மாலை 4 மணிக்கும் இரவு 8 மணிக்கும் தொடங்குமாறு அட்டவணை அமைக்கப்பட்டது. தென்னாப்பிரிக்க நேரப்படி அவை நண்பகல் 12.30-ம் மாலை 4.30-ம் ஆகும். மைதானத்தில் இருப்போரின் வசதியைவிட இந்தியாவில் தொலைக்காட்சி முன் இருப்போரின் வசதிக்கே முதலிடம் தரப்பட்டது என்பதற்கு இந்த நேரங்களே சான்று.

கடலூர், சிதம்பரம் மக்களவைத் தொகுதிகளில் மே 13 அன்று, இறுதிக் கட்டத்தில், வாக்குப்பதிவு நடந்தது. எந்தத் தேர்தலுக்காகப் போட்டிகள் வெளியேறினவோ அதில் பகலில் வாக்களித்தவர்கள் இரவில் தென்னாப்பிரிக்காவிலிருந்து வந்த ஒளிபரப்பைக் கண்டனர்.

அந்த ஆண்டுத் தொடரில் டர்பன் நகரம் தனித்துக் குறிப்பிடத்தக்கது. 1860 நவம்பர் 16 அன்று ‘ட்ரூரோ’ என்ற கப்பல் சென்னையிலிருந்து ஒப்பந்தக் கூலிகளை ஏற்றிக்கொண்டு டர்பன் துறைமுகத்தை அடைந்தது. 1911 வரை சென்னை, கல்கத்தா துறைமுகங்கள் வழியாக ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்டோர் நேட்டால் கரும்புத் தோட்டங்களுக்கும் பிற வேலைகளுக்கும் கொண்டுசெல்லப்பட்டனர். அவர்களில் பெரும்பாலோர் சென்னை மாகாணத்தவர். கப்பல் பதிவேடுகளில் தென்னார்க்காடு மாவட்டத்தைச் சொந்த ஊராகக் கொண்டவர்களும் உள்ளனர். அம்மாவட்டத்தின் தலைநகர் கடலூர்; சிதம்பரம் அதன் தாலுகாக்களில் ஒன்று. 1993-இல் அம்மாவட்டம் இரண்டாகப் பிரிக்கப்பட்டபோதுதான் இன்றைய கடலூர் மாவட்டம் உருவாயிற்று. தென்னார்க்காட்டுக் கிராமங்களில் வேரூன்றிய திரௌபதி அம்மன் தீமிதி டர்பன் பகுதிக் கோயில்களில் இன்றும் நடைபெறுகிறது.

ஆகவே டர்பனின் கிங்ஸ்மீடு மைதானத்தில் சென்னை அணி ஆடியதை முழுக்க முழுக்க அயல்நாட்டு ஆட்டம் என்று சொல்லிவிட முடியாது. மே 20 அன்று அங்கு சென்னை அணி 116 ரன்களே எடுத்தும் பஞ்சாபை 92 ரன்களில் கட்டுப்படுத்தி 24 ரன்களில் வென்றது. சுழற்பந்து வீச்சே அன்று பெருந்துணை. வேகப்பந்துக்குப் பெயர்போன தென்னாப்பிரிக்க ஆடுகளங்களில் சுழற்பந்து எடுபடாது என்ற பொதுக் கணிப்பு அந்தத் தொடரில் பொய்த்தது. சென்னையின் மேத்யூ ஹெய்டன் 572 ரன்களுடன் தொடரில் அதிக ரன் குவித்தார். அரையிறுதியில் சென்னை பெங்களூரிடம் தோற்றது. மே 24 அன்று ஜோகன்னஸ்பர்க்கில் நடந்த இறுதியாட்டத்தில் டெக்கான் சார்ஜர்ஸ் கோப்பையை வென்றது.

2014: ஐக்கிய அரபு அமீரகம்

ஐந்து ஆண்டுகளுக்குப் பின் அதே சிக்கல் எழுந்தது. 2014 மக்களவைத் தேர்தலை ஒட்டி, முதல் 20 ஆட்டங்கள் மட்டும் ஏப்ரல் 16 முதல் 30 வரை அபுதாபி, துபாய், சார்ஜா ஆகிய நகரங்களில் நடைபெற்றன. மே 2 முதல் தொடர் இந்தியா திரும்பியது. ஆனால் சென்னை அணி சேப்பாக்கத்திற்குத் திரும்பவில்லை. அங்குள்ள மூன்று பார்வையாளர் மாடங்களுக்கான அனுமதி குறித்த சிக்கலால் அதன் சொந்த மைதான ஆட்டங்கள் ராஞ்சிக்கு மாற்றப்பட்டன. தோனியின் ஊர் என்பதால் அங்குக் கூட்டத்திற்குக் குறைவில்லை.

கடலூர் மாவட்டத்தின் பரங்கிப்பேட்டை, லால்பேட்டை போன்ற ஊர்களில் வளைகுடா நாடுகளுக்கு வேலைக்குச் சென்ற ஆண்கள் இல்லாத தெருவைக் காண்பது அரிது. ஊரில் இருந்தபோது சேப்பாக்கத்திற்குச் செல்ல வாய்க்காதவர்களுக்கும், வேலைக்குச் சென்ற இடத்தில் சென்னை அணியின் ஆட்டத்தை நேரில் காண அந்த இரண்டு வாரங்கள் வழிசெய்தன.

2018: காவிரியும் புனேயும்

இது வெளிநாட்டு இடமாற்றம் அன்று. ஆனால் கடலூர்–சிதம்பரம் வட்டாரத்திற்கு மற்ற எல்லாவற்றையும்விட நெருக்கமானது.

சிதம்பரம், காட்டுமன்னார்கோயில் பகுதிகள் காவிரிப் பாசனத்தின் கடைமடை. மேட்டூரில் திறக்கப்படும் நீர் கல்லணையைக் கடந்து, கொள்ளிடத்தின் கீழணையில் தேக்கப்பட்டு, வடவாறு வழியாக வீராணம் ஏரிக்கு வருகிறது. ஏரியின் நீரால் சுமார் 44,800 ஏக்கர் பாசனம் பெறுகிறது. 2004 முதல் அதே ஏரியிலிருந்து குழாய் வழியாகச் சென்னைக்குக் குடிநீரும் செல்கிறது. மேட்டூரில் நீர் குறைந்தால் முதலில் தெரிவது இங்குதான். 2016-இல் வடகிழக்குப் பருவமழையும் பொய்த்ததால், 2017 ஜனவரியில் தமிழக அரசு எல்லா மாவட்டங்களையும் வறட்சி பாதித்தவையாக அறிவித்திருந்தது.

2018 பிப்ரவரி 16 அன்று உச்ச நீதிமன்றம் தமிழகத்தின் பங்கை 192 டி.எம்.சி.யிலிருந்து 177.25 டி.எம்.சி.யாகக் குறைத்துத் தீர்ப்பளித்தது. தீர்ப்பைச் செயல்படுத்தும் திட்டத்தை ஆறு வாரத்தில் உருவாக்க மத்திய அரசுக்கு உத்தரவிட்டது. மார்ச் 29-இல் அக்கெடு முடிந்தது; திட்டம் வரவில்லை. மாநிலம் முழுவதும் போராட்டம் பரவியது. எதிர்க்கட்சிகள் நடத்திய காவிரி உரிமை மீட்புப் பயணம் கடலூரில்தான் நிறைவுற்றது.

இரண்டு ஆண்டுத் தடைக்குப் பின் சென்னை அணி சேப்பாக்கத்தில் ஆடிய முதல் ஆட்டம் ஏப்ரல் 10 அன்று அமைந்தது. விவசாயி தவிக்கும்போது கேளிக்கை எதற்கு என்று போராட்டக்காரர்கள் கேட்டனர். விளையாட்டை ஏன் அரசியலில் இழுக்கிறீர்கள் என்று ரசிகர்கள் கேட்டனர். மைதானத்தைச் சுற்றிய சாலைகளில் மறியல் நடந்தது. ஆட்டத்தின் நடுவே எல்லைக்கோட்டருகே காலணி வீசப்பட்டது. சென்னை அணி 203 ரன் இலக்கை ஒரு பந்து மீதமிருக்க எட்டி, கொல்கத்தாவை வென்றது. மறுநாள் எஞ்சிய ஆறு ஆட்டங்களும் புனேக்கு மாற்றப்பட்டன. சென்னையிலிருந்து ரசிகர்களை ஏற்றிக்கொண்டு ‘விசில் போடு எக்ஸ்பிரஸ்’ என்ற தனி ரயில் புனே சென்றது. மே 27 அன்று மும்பையில் சென்னை கோப்பையை வென்றது. காவிரி நீர் மேலாண்மை ஆணையம் அமைக்கப்பட்டது ஜூன் 1 அன்று.

இரு தரப்பின் கேள்வியிலும் நியாயம் உண்டு. ஆனால் கடைமடை விவசாயியையும் ரசிகரையும் இரு வேறு ஆட்களாகப் பேசியது சரியன்று. காட்டுமன்னார்கோயில் பக்கம் இருவரும் ஒரே வீட்டில் இருப்பவர்கள். பல வேளை ஒரே ஆள்.

2020, 2021: பார்வையாளர் இல்லாத மைதானம்

கொரோனா பரவலால் 2020 மார்ச்சில் தொடங்கவேண்டிய தொடர் செப்டம்பர் 19 முதல் நவம்பர் 10 வரை அமீரகத்தில் நடந்தது. 60 ஆட்டங்களும் துபாய், அபுதாபி, சார்ஜா மைதானங்களில் பார்வையாளரின்றி நடத்தப்பட்டன. 2014-இல் மாடங்களை நிரப்பியவர்கள் இம்முறை மைதானத்திற்குச் சில கிலோமீட்டர் தொலைவில் தம் அறைகளில் இருந்தபடி தொலைக்காட்சியில் பார்த்தனர். பரங்கிப்பேட்டையில் இருந்த அவர்களின் வீட்டாரும் அதே காட்சியைத்தான் பார்த்தனர். அந்த ஆண்டு சென்னை அணி முதன்முறையாக அடுத்த சுற்றுக்குத் தகுதி பெறாமல் ஏழாம் இடத்தில் முடிந்தது.

2021-இல் தொடர் இந்தியாவில் தொடங்கினாலும் எந்த அணியும் தன் மைதானத்தில் ஆடக்கூடாது என வகுக்கப்பட்டது. சேப்பாக்கத்தில் மற்ற அணிகள் ஆடின. சென்னை அணி மும்பையிலும் டெல்லியிலும் ஆடியது. 29 ஆட்டங்களுக்குப் பின் மே 4 அன்று தொடர் நிறுத்தப்பட்டு, செப்டம்பரில் அமீரகத்தில் தொடர்ந்தது. அக்டோபர் 15 அன்று துபாயில் கொல்கத்தாவை 27 ரன்களில் வென்று சென்னை நான்காம் முறை கோப்பையை வென்றது. அந்தத் தொடரில் ஓர் ஆட்டத்தைக்கூட அந்த அணி சொந்த மண்ணில் ஆடியிருக்கவில்லை.

பிற நாடுகளில்

பாகிஸ்தான் சூப்பர் லீக் 2016-இல் தொடங்கியபோது முழுவதும் அமீரகத்திலேயே நடந்தது. முழுத் தொடரும் பாகிஸ்தானில் நடந்தது 2020-இல்தான். அங்கும் காரணம் பாதுகாப்பே. அமெரிக்கக் கால்பந்து லீக்கான என்.எஃப்.எல். 2007 முதல் லண்டனில் சில ஆட்டங்களை நடத்தி வருவதோ புதிய சந்தையைத் தேடி. அத்தகைய ஆட்டத்தில் ஓர் அணி தன் சொந்த மைதான ஆட்டத்தை விட்டுக்கொடுக்க வேண்டும். இங்கிலாந்துப் பிரிமியர் லீக் 2008-இல் வெளிநாட்டில் கூடுதலாக ஒரு சுற்று நடத்த முன்வைத்த யோசனை ரசிகர்களின் எதிர்ப்பால் கைவிடப்பட்டது. ஐ.பி.எல். இடம்பெயர்ந்த எந்த ஆண்டிலும் ரசிகர்களிடம் கருத்துக் கேட்கப்படவில்லை. நெருக்கடியில் எடுத்த முடிவுகள் என்பதால் அதை ஓரளவு பொறுத்துக்கொள்ளலாம்.

திரும்பி வந்தபின்

2022-இல் லீக் சுற்று முழுவதும் மகாராஷ்டிரத்தில் நடந்தது. 2023 ஏப்ரல் 3 அன்றுதான் சென்னை அணி மீண்டும் சேப்பாக்கத்தில் ஐ.பி.எல். ஆட்டம் ஆடியது, 2019 மே மாதத்திற்குப் பின் அதுவே முதல் முறை. 2024-இல் மக்களவைத் தேர்தல் நடந்தபோதும் தொடர் இந்தியாவிலேயே நடத்தி முடிக்கப்பட்டது.

மாநிலத்திற்குள் 2016-இல் தொடங்கிய தமிழ்நாடு பிரிமியர் லீக்கிலும் இதே கேள்வி வேறு வடிவில் உள்ளது. மதுரை, காரைக்குடி, தூத்துக்குடி, திருவள்ளூர் எனப் பெயர் தாங்கிய அணிகள் முதல் ஆண்டில் ஆடியது சென்னை, திண்டுக்கல் அருகே நத்தம், திருநெல்வேலி சங்கர் நகர் ஆகிய மூன்று இடங்களில் மட்டுமே. அப்போதைய எட்டு அணிகளில் கடலூர் பெயரிலோ சிதம்பரம் பெயரிலோ ஓர் அணியும் இல்லை.