வாயின் அறிக்கை: பாப்டிஸ்டு சபைகளில் மகளிரின் விசுவாசமும் ஊழியமும்

மாதர் ஐக்கியத்தின் விழா மலருக்கென எழுதப்படும் இக்கட்டுரை, வில்லியம் கேரியின் மொழிபெயர்ப்புப் பணியையோ அதோனிராம் ஜட்சனின் சிறைவாசத்தையோ மீண்டும் விரித்துரைக்கவில்லை. அவை ஓய்வுநாள் பள்ளிச் சிறாரும் அறிந்தவை. விசுவாசித்தவர் தாமே சபைமுன் எழுந்து தம் விசுவாசத்தை அறிக்கையிட்ட பின்னரே முழுக்கு ஞானஸ்நானம் பெறுவது பாப்டிஸ்டுகளின் அடையாளம் என்பதும் அவ்வாறே அனைவரும் அறிந்தது. ஆயினும், அந்த அறிக்கையை ஒரு பெண்ணுக்காக அவளுடைய தகப்பனோ கணவனோ செய்துவிட இயலாது என்பதன் முழுப்பொருளைச் சபைகள் எண்ணிப் பார்ப்பது அரிது. இருதயத்தின் விசுவாசத்தையும் வாயின் அறிக்கையையும் சேர்த்துரைக்கும் ரோமர் 10:10, ஆணின் வாய் என்றும் பெண்ணின் வாய் என்றும் பிரித்துரைக்கவில்லை. சபை ஒருமுறை கேட்டு ஏற்றுக்கொண்ட குரலைப் பின்னர் எந்த இடத்தில் நிறுத்துவது என்னும் வினாவே, மகளிர் ஊழியம்பற்றிப் பாப்டிஸ்டு வரலாற்றில் எழுந்த வழக்குகள் பலவற்றிற்கும் வேராக அமைந்துள்ளது.

பிரிஸ்டலின் மளிகைக் கடை

இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரில் மளிகைக் கடை நடத்திவந்த டாரதி கெல்லி என்னும் விதவை, கிறிஸ்துமஸ் நாள் மனிதர் ஏற்படுத்திய பண்டிகையே என்று கருதி, அந்நாளில் ஊரறியக் கடையைத் திறந்துவைத்து உள்ளே அமர்ந்து தையல் வேலை செய்தவர். பின்னர் அவர் மாத்யூ ஹசார்டு என்னும் ஆங்கிலிக்கன் குருவை மணந்தார். கணவர் தம் ஆலயப் பொறுப்பில் நீடித்திருக்கவே, மனைவி 1640-இல் ஆடவர் நால்வருடன் சேர்ந்து, பொதுச் செபநூல் வழிபாட்டிலிருந்து விலகித் தனிச்சபையாகக் கூடினார். பிற்காலத்தில் பாப்டிஸ்டு கொள்கையை ஏற்று பிராட்மீட் சபை எனப் பெயர் பெற்றது அதுவே. குருவின் மனைவியாயிருந்தும் குருவின் மனச்சாட்சியைத் தம்முடையதாகக் கொள்ளாத அவருடைய துணிவு, பிலிப்பி பட்டணத்து ஆற்றங்கரையில் தாமும் தம் வீட்டாருமாக ஞானஸ்நானம் பெற்ற வியாபாரி லீதியாளை (அப்போஸ்தலர் 16:14, 15) நினைவூட்டுகிறது. 1643-இல் உள்நாட்டுப் போரில் அரசர் படை நகரை முற்றுகையிட்டபோது, ஃபுரூம் வாயிலைக் கம்பளிப் பொதிகளாலும் மண்ணாலும் அடைத்துக் காக்கப் பெண்களைத் திரட்டி நின்றவரும் அவரே. அச்சபையின் வரலாற்றைப் பதிவு செய்த எட்வர்டு டெரில், அவரைத் தெபோராளுக்கு ஒப்பிட்டது மிகையன்று.

அறுபது வயதுக்குக் குறையாத விதவைகளை உதவிக்காரிகளாக, அதாவது நோயாளிகளையும் ஏழைகளையும் சபையின் பெயரால் பராமரிப்பவர்களாக, 1 தீமோத்தேயு 5:9-இன்படி தெரிந்தெடுக்கும் வழக்கமும் பிராட்மீட்டில் இருந்தது. இலண்டனில் பிரசங்கம் செய்த அட்டவே என்னும் பூவேலைத் துணி வணிகப் பெண்ணைப் பற்றியோ, 1646-இல் தாமஸ் எட்வர்ட்ஸ் என்னும் எதிராளி எழுதிய கண்டன நூலின் வழியாகவே பெரும்பாலும் அறிய முடிகிறது. நண்பர்கள் எழுதிவைக்காததைப் பகைவர் எழுதிவைத்தனர்! பெண் சபையில் பேசலாமா என்று அக்காலச் சபைச் சங்கங்கள் ஆராய்ந்தபோது, விசுவாசத்தை அறிக்கையிடப் பேசலாம், அதிகாரத்தோடு போதிக்கலாகாது என்னும் நடுவழியே அவற்றுக்கு அகப்பட்டது. 1 கொரிந்தியர் 14:34-ஐ முன்வைத்தோர், அதே நிருபத்தின் 11:5 பெண்கள் ஜெபம்பண்ணுவதையும் தீர்க்கதரிசனம் சொல்லுவதையும் நடைமுறையாகவே எடுத்துக்கொண்டு பேசுவதைப் போதிய அளவு எண்ணவில்லை என்று கொள்வதே பொருத்தம்.

செராம்பூரும் நெல்லூரும்

பிராட்மீட்டுக்கும் இந்தியாவுக்கும் உள்ள தொடர்பு பெருமைக்குரியது. ஜோசுவா மார்ஷ்மன் அச்சபையில் ஞானஸ்நானம் பெற்று, சபையைச் சார்ந்த பள்ளியில் ஆசிரியராயிருந்தவர்; அவருடைய துணைவியார் அன்னாள் மார்ஷ்மன் 1799 அக்டோபரில் அவருடன் செராம்பூரில் கரையிறங்கினார். 1800 மே மாதம் தம்பதியர் தொடங்கிய விடுதிப் பள்ளிகளின் வருவாயே அச்சகத்தையும் ஊழியக் குடும்பங்களின் பொதுப் பந்தியையும் தாங்கிய தூண்களுள் ஒன்று. அச்சுக்கோத்த எழுத்துகளின் புகழ் உலகெங்கும் பரவ, அதற்கு உணவிட்ட கணக்குப் புத்தகத்தின் புகழ் ஏனோ பரவவில்லை. 1801-இல் வங்காளப் பெண்களுள் முதலாவதாக ஞானஸ்நானம் பெற்ற ஜெயமணி, செராம்பூர் ஊழியத்தின் முதல் வங்காள விசுவாசியான கிருஷ்ண பாலின் உறவினர் என்ற அளவிலேயே பல நூல்களில் நின்றுவிடுகிறார்.

விழா மலர்கள் ஒரு வரியில் கடந்துவிடும், வில்லியம் கேரியின் மனைவி டாரதி கேரியையும் இங்கே நினைப்பது கடமை. இந்தியாவுக்குப் புறப்பட மனமின்றி முதலில் மறுத்தவர், 1793-இல் தங்கையின் துணையோடு கப்பலேறினார். மறு ஆண்டே சிறு மகன் பீட்டரை இழந்து, மனநோயுற்று, 1807-இல் மறைந்தார். விசுவாச அனுபவம் என்பது வெற்றிச் சாட்சி மட்டுமன்று; நகோமி தன்னை மாராள் என்று அழைக்கச் சொன்னதும் (ரூத் 1:20) வேதத்தில்தான் இருக்கிறது.

ஒங்கோலின் ஜெபமலை தெலுங்கு பாப்டிஸ்டுகளுக்குப் புனித நினைவிடம். அமெரிக்க மிஷன் தெலுங்கு ஊழியத்தைக் கைவிடலாமா என்று கருதிய காலத்தில், 1854 ஜனவரி 1 அதிகாலையில் அதன் ஊழியர் லைமன் ஜூவெட்டும் அவர் மனைவியும் நெல்லூர் விசுவாசிகளான நரசு, ஜூலியா, ரூத் ஆகியோரும் அங்கே ஏறி ஜெபித்தனர். 1878 ஜூலை 3-இல் ஒரே நாளில் 2,222 பேர் ஞானஸ்நானம் பெற்ற நிகழ்ச்சியை அந்த ஜெபத்தின் பலனாகச் சபைகள் போற்றுகின்றன. ஜெபித்த ஐவரில் மூவர் பெண்கள் என்பதையும் சேர்த்துப் போற்றுவது நீதி.

மாண்ட்கோமெரியும் பீபாடியும்

சென்னைக்கு நேரடி உறவுடையவர் லூசி வாட்டர்பரி. 1881-இல் கணவருடன் அமெரிக்க பாப்டிஸ்டு ஊழியராகச் சென்னைக்கு வந்து, இங்கு வாழ்ந்த தெலுங்கர் நடுவே பணியாற்றி, 1886-இல் கணவரை இழந்து தாயகம் திரும்பியவர். பின்னாளில் லூசி பீபாடி எனப்பட்ட அவரும், ராச்செஸ்டர் நகரத்து ஹெலன் பாரட் மாண்ட்கோமெரியும் இணைந்து ஆற்றிய பணியின் நிழலில் தமிழகப் பெண்கள் இன்றும் கற்கின்றனர்: 1915-இல் தொடங்கிய சென்னை மகளிர் கிறிஸ்தவக் கல்லூரியும், 1918-இல் ஐடா ஸ்கடர் தொடங்கிய வேலூர் பெண்கள் மருத்துவப் பள்ளியும், அவ்விருவரும் 1920-களில் நிதி திரட்டிய ஏழு கீழைநாட்டுப் பெண்கள் கல்லூரிகளின் வரிசையில் இடம்பெற்றவை.

மாண்ட்கோமெரிக்கு 1892-இல் அவருடைய சபை பிரசங்க உரிமம் அளித்தது. உரிமம் என்பது போதகராக அபிஷேகம் பெறுவதன்று; ஒருவரிடம் பிரசங்க வரம் உண்டென்று சபை கூடி ஒப்புக்கொள்வது. 1921-இல் அவர் வட பாப்டிஸ்டு மாநாட்டின் தலைவரானபோது, அமெரிக்காவின் பெரிய திருச்சபைப் பிரிவொன்றுக்குத் தலைமையேற்ற முதல் பெண்மணியானார். கிரேக்கத்திலிருந்து அவர் பெயர்த்த புதிய ஏற்பாடு 1924-இல் வெளிவந்தது. அப்பொல்லோவைச் சேர்த்துக்கொண்டு தேவனுடைய மார்க்கத்தை அதிகத் திட்டமாய் விளக்கிய பிரிஸ்கில்லாளின் வழியில் (அப்போஸ்தலர் 18:26) வந்த புலமை அது.

கறுப்பினப் பாப்டிஸ்டுகளில் நேனி ஹெலன் பரோஸ், 1900-இல் சகோதரிகளை உதவிசெய்ய விடாமல் தடுப்பவை எவை என்று மாநாட்டு மேடையிலேயே வினவி, 1909-இல் வாஷிங்டனில் பெண்களுக்கான பயிற்சிப் பள்ளி ஒன்றை நிறுவினார். தென் பாப்டிஸ்டுகளிடையே 1964-இல் ஆடி டேவிஸ் பெண்களுள் முதன்முதலாகப் போதகர் அபிஷேகம் பெற்றார். அதே பிரிவின் 2000-ஆம் ஆண்டு விசுவாச அறிக்கையோ போதகர் பொறுப்பை ஆடவர்க்கே உரியதாக்கியது.

மாதர் ஐக்கியத்துச் சகோதரிகளுக்கு ஒரு விண்ணப்பம். வீடு வீடாகச் சென்று வேதம் வாசித்துக் கற்பித்த வேதாகம ஸ்திரீகள் பலரின் பெயர்கள், பழைய சம்பளப் பதிவேடுகளிலும் ஞானஸ்நானப் பதிவேடுகளிலும் மட்டுமே எஞ்சியிருக்கும். கறையான் முந்துமுன் சபைகள்தோறும் அவற்றைப் படியெடுங்கள். மூத்த தாய்மாரின் சாட்சிகளை அவர்கள் சொற்களிலேயே பதிவு செய்யுங்கள். பெபேயாளின் பெயரைப் பவுல் எழுதிவைத்ததுபோல (ரோமர் 16:1), இன்னாரின் மனைவி என்றல்ல, அவரவர் பெயரிலேயே எழுதுங்கள்.