‘வல்னரபிள்’ என்னும் சொல்லும் காத்கரி மக்களும்

புனே நகருக்கு மேற்கே, முள்ஷி, மாவள் வட்டங்களின் மலைச்சரிவுகளில் காத்கரிப் பழங்குடியினர் வாழ்கின்றனர். அரசு ஆவணங்களில் அவர்கள் இடம்பெறும் பிரிவுக்கு 2006ஆம் ஆண்டு வரை ஆங்கிலத்தில் ‘ப்ரிமிட்டிவ்’, அதாவது ஆதிநிலைப் பழங்குடிக் குழு என்று பெயர். அதன் பின்னர் ‘குறிப்பாக வல்னரபிள்’ ஆன பழங்குடிக் குழு என்று பெயர். மொழியியல் பயின்ற எனக்கு இந்தப் பெயர்மாற்றம் நெடுநாளாக ஓர் உறுத்தல். இழிவான ஒரு சொல் நீங்கியது நன்றே. ஆனால் அதன் இடத்தில் வந்த சொல் எதைச் சொல்லாமல் விடுகிறது?

முதலில் சொல்லின் வரலாறு. லத்தீனில் ‘வுல்னுஸ்’ என்றால் காயம். ‘வுல்னெராரே’ என்றால் காயப்படுத்துதல். பிற்கால லத்தீனில் இதிலிருந்து பிறந்த ‘வுல்னெராபிலிஸ்’ என்னும் உரிச்சொல் ‘காயப்படுத்துகின்ற’ என்னும் பொருளில் வழங்கியது. 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அது ஆங்கிலத்துக்கு வந்தபோது ‘காயப்படுத்தவல்ல’, ‘காயம்படக்கூடிய’ என்னும் இரு பொருள்களும் உடன் வந்தன. முதற்பொருள் விரைவில் வழக்கொழிந்தது. அடிப்பவரையும் அடிபடுபவரையும் குறிக்கவல்ல ஒரு சொல், அடிபடுபவருக்கு மட்டும் உரியதாயிற்று.

இதனோடு ஒப்பிட வேண்டிய வேறிரண்டு ஆங்கிலச் சொற்கள் உள்ளன. ‘சஸெப்டிபிள்’ என்பதன் வேர்ப்பொருள் ‘ஏற்றுக்கொள்ளுதல்’. நோயை ஏற்கும் உடலின் இயல்பை அது சுட்டும். ‘எக்ஸ்போஸ்ட்’ என்பதன் வேர்ப்பொருள் ‘வெளியே வைக்கப்பட்ட’. வெளியே வைக்கப்பட்டது என்றால் வைத்தவர் யார் என்னும் கேள்வி தானே எழும். ‘வல்னரபிள்’ அக்கேள்வியை எழுப்புவதில்லை. காயத்தின் காரணத்தை அது காயம்பட்டவரின் தன்மையாகவே ஆக்கிவிடுகிறது.

இனி ஆட்சிமொழியின் வரலாறு. அரசியலமைப்பின் 46ஆம் உறுப்பு ‘நலிந்த பிரிவினர்’ என்னும் பொருள்படும் தொடரைப் பயன்படுத்தியது. பழங்குடியினருள்ளும் மிகப் பின்தங்கிய ஓர் அடுக்கு உண்டு என்பதை யு. என். தேபர் தலைமையிலான ஆணையம் (1960–61) எடுத்துக்காட்டியது. அதன் தொடர்ச்சியாக 1975இல் 52 குழுக்களும் 1993இல் மேலும் 23 குழுக்களும் தனிப்பிரிவாக அடையாளம் காணப்பட்டன. மொத்தம் 75. மகாராட்டிரத்தில் காத்கரி, கொலாம், மாடியா கோண்டு ஆகிய மூன்று. தமிழ்நாட்டில் தோடர், கோத்தர், குறும்பர், இருளர், பணியர், காட்டுநாயக்கர் ஆகிய ஆறு.

இக்குழுக்களை அடையாளம் காண வகுக்கப்பட்ட அளவுகோல்கள் நான்கு: வேளாண்மைக்கு முந்தைய தொழில்நுட்பம், தேங்கிய அல்லது குறைந்துவரும் மக்கள்தொகை, மிகக் குறைந்த எழுத்தறிவு, பிழைப்பு நிலைப் பொருளாதாரம். 2006இல் பெயர் மாறியது, அளவுகோல்கள் மாறவில்லை. நான்கும் அம்மக்களிடம் என்ன குறை என்று கேட்கின்றன. அவர்களிடமிருந்து எது, எப்போது, எந்தச் சட்டத்தால் பறிபோனது என்று ஒன்றுகூடக் கேட்கவில்லை.

அந்தக் கேள்விக்கு விடை காத்கரி என்னும் பெயரிலேயே இருக்கிறது. கருங்காலி மரத்தின் வைரத்தைக் காய்ச்சி, வெற்றிலையோடு சேர்க்கும் காசுக்கட்டி எடுப்பது அவர்களின் குலத்தொழில். மராத்தியில் காசுக்கட்டிக்குக் ‘காத்’ என்று பெயர். 1878ஆம் ஆண்டின் வனச்சட்டம் காடுகளை அரசின் ஒதுக்கக் காடுகளாக ஆக்கும் அதிகாரத்தை வழங்கியது. மரம் வெட்டுவது குற்றமாயிற்று. தொழில் போனது, பெயர் மட்டும் நின்றது. இன்று பல காத்கரிக் குடும்பங்கள் மழைக்காலம் முடிந்ததும் செங்கல் சூளைகளுக்கும் கரிச் சூளைகளுக்கும் செல்கின்றன. செல்வதற்கு முன்பே முன்பணம் பெறுகின்றன. மராத்தியில் அதற்கு ‘உச்சல்’ என்று பெயர். ‘தூக்கியெடுத்தது’ என்பது அதன் நேர்ப்பொருள். தூக்கியெடுத்ததை இறக்கிவைக்கப் பருவம் முழுவதும் உழைக்க வேண்டும். அவர்களின் குடியிருப்புகள் பல தனியார் நிலத்தில் அமைந்தவை. மும்பைக்கும் புனேவுக்கும் இடையே நிலவிலை ஏற ஏற, வெளியேற்றப்படும் அச்சமும் ஏறுகிறது.

தமிழ்நாட்டின் இருளர் வரலாறும் இதற்கு இணையானது. பாம்புத்தோல் வணிகத்தை நம்பியிருந்த செங்கல்பட்டுப் பகுதி இருளரின் பிழைப்பை 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் முடித்துவைத்தது. 1978இல் தொடங்கிய இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம், நஞ்செடுக்கும் தொழில் வழியாக ஒரு சிலருக்கு மாற்று வழி தந்தது. அரிசி ஆலைகளிலும் செங்கல் சூளைகளிலும் முன்பணத்துக்குக் கட்டுண்டவர்கள் பலர். கொத்தடிமை முறை 1976இலேயே சட்டப்படி ஒழிக்கப்பட்டுவிட்டது என்பதை இங்கே நினைவில் கொள்ள வேண்டும். காட்டையும் விலங்கையும் காக்கும் சட்டங்கள் வேண்டாம் என்பதன்று என் வாதம். அவற்றின் விலையை யார் கொடுத்தார்கள் என்பது பதிவாக வேண்டும் என்பதே.

தமிழில் இச்சொல்லைப் ‘பாதிக்கப்படக்கூடிய’ என்று பெயர்க்கிறோம். இத்தொடரின் இலக்கணத்தைப் பாருங்கள். ‘படு’ என்னும் துணைவினை வந்தாலே ‘யாரால்’ என்பதற்கு ஓரிடம் இருக்கிறது. ஆயினும் அந்த இடத்தை நாம் நிரப்புவதில்லை. ‘நலிந்த’ என்பதோ தானாகவே நலிந்தது போன்ற தோற்றம் தருகிறது. ‘நலிவிக்கப்பட்ட’ என்று யாரும் எழுதுவதில்லை. ஆனால் நம் பழமொழி இதில் நேர்மையானது. எளியாரை வலியார் வாட்டுவதைச் சொல்லும்போது வாட்டப்படுபவரையும் வாட்டுபவரையும் ஒரே வாக்கியத்தில் நிறுத்துகிறது. வாட்டியவருக்கு வரப்போவதையும் சேர்த்தே சொல்கிறது.

‘வல்னரபிள்’ என்னும் சொல்லைத் தூக்கியெறிய வேண்டும் என்று நான் கூறவில்லை. 2023 நவம்பரில் ஒன்றிய அரசு இந்த 75 குழுக்களுக்கென அறிவித்த வீட்டுவசதி, சாலை, குடிநீர்த் திட்டங்கள் அந்தப் பெயரின்கீழ்தான் வருகின்றன. பட்டியலில் பெயர் இருப்பவருக்கே வீடு கிடைக்கும். எனவே சொல் இருக்கட்டும். ஆய்வாளர்களாகிய நாம் அச்சொல்லை எழுதும் ஒவ்வொரு முறையும் ‘எதனால், யாரால், எந்த ஆண்டிலிருந்து’ என்னும் மூன்றையும் அதன் பக்கத்தில் எழுதுவோம். அப்போதுதான் அது ஒரு மக்களின் இயல்பைச் சொல்லாமல், அவர்களுக்கு நேர்ந்ததைச் சொல்லும்.

உங்கள் பகுதிப் பேச்சுவழக்கில் இந்நிலையைக் குறிக்க வேறு சொல் உண்டா? வாட்டியவரையும் சேர்த்துச் சுட்டும் சொல் இருப்பின் அவசியம் எழுதுங்கள், தொகுத்து வருகிறேன்.