'வேண்டும்' என்பதும் 'லாம்' என்பதும்: நகராட்சிச் சட்டங்களில் இரு துணைவினைகளின் வரலாறு

இந்திய நகராட்சிகளின் வரலாற்றை எழுதியோர் ஆணையர்களையும் மேயர்களையும் வரிகளையும் பற்றி விரிவாகவே எழுதியுள்ளனர். சட்ட வாசகத்தின் வினைமுற்றுகளை அவர்கள் அவ்வளவாகப் பொருட்படுத்தவில்லை. ஆனால் ஒரு நகரத்தின் வரவு செலவுத் திட்டத்தில் சாக்கடைக்கு எவ்வளவு, பூங்காவுக்கு எவ்வளவு என்று மன்றம் கூடி முடிவு செய்வதற்கு முன்பே, அம்முடிவின் ஒரு பகுதியை ஆங்கிலத்தின் 'ஷல்', 'மே' என்னும் இரண்டு துணைவினைகள் செய்து முடித்துவிடுகின்றன. தமிழில் இவற்றிற்கு நேரானவை 'வேண்டும்' என்பதும் 'லாம்' என்பதும் ஆகும். இவை நகரங்களின் செலவு முறையை வகுத்த வரலாற்றில் சில கட்டங்களை மட்டும் இக்கட்டுரை எடுத்துக்கொள்கிறது.

இவ்வரலாற்றைப் பம்பாயிலிருந்து தொடங்குவது பொருந்தும். 1865ஆம் ஆண்டுச் சட்டம் அந்நகரின் நிர்வாகத்தை அமைதி நீதிபதிகளின் அமைப்பொன்றிடம் ஒப்படைத்தது. செயலதிகாரம் அனைத்தையும் நகராட்சி ஆணையர் ஒருவரிடம் குவித்தது. முதல் ஆணையரான ஆர்தர் கிராஃபோர்டு ஊக்கமும் ஊதாரித்தனமும் ஒருங்கே வாய்ந்தவர். சாலைகள் அகன்றன, தூய்மைப் பணி பெருகியது, இன்றும் பலர் அவர் பெயராலேயே அழைக்கும் சந்தைக் கட்டடம் எழுந்தது. செலவும் கட்டுக்கடங்காமல் போயிற்று. 1871இல் வரி செலுத்துவோரின் சினம் வெடித்தபோது கிராஃபோர்டு பதவியிழந்தார். அப்போது இளம் வழக்கறிஞராக இருந்த பெரோஸ்ஷா மேத்தா, குற்றம் தனிமனிதருடையது அன்று, அவரைக் கணக்குக் கேட்கும் தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றம் இல்லாமையே குற்றம் என்று வாதிட்டார். மறு ஆண்டில் வந்த சட்டம் 64 உறுப்பினர் கொண்ட மன்றத்தை ஏற்படுத்தி, அதில் பாதியிடங்களை வரி செலுத்துவோர் தேர்ந்தெடுக்கும் இடங்களாக்கியது. ரிப்பன் பிரபுவின் 1882ஆம் ஆண்டுத் தீர்மானம் தேர்தல் முறையை நாடெங்கும் பரப்ப முயன்றது. அதனை அடுத்து வந்ததே 1888ஆம் ஆண்டின் பம்பாய் மாநகராட்சிச் சட்டம். அதனை உருவாக்கியதில் மேத்தாவின் பங்கு பெரிது.

இச்சட்டத்தின் 61ஆம், 63ஆம் பிரிவுகள் மொழியியலார் அருகருகே வைத்துப் படிக்கத்தக்கவை. முதலாவது பிரிவு, பின்வரும் பணிகளுக்குப் போதிய ஏற்பாடு செய்வது மாநகராட்சியின் மீறொணாக் கடமை என்று தொடங்கி, கழிவுநீர்க் கால்வாய், குப்பை அகற்றல், குடிநீர், தெருவிளக்கு, தீயணைப்பு, தொடக்கக் கல்வி முதலியவற்றை அடுக்குகிறது. மற்றது, மாநகராட்சி தன் விவேகத்திற்கேற்பப் பின்வருவனவற்றுக்கு முழுமையாகவோ பகுதியாகவோ ஏற்பாடு செய்யலாம் என்று தொடங்குகிறது. பூங்கா, நூலகம், அருங்காட்சியகம் ஆகியவை இப்பட்டியலில் அடங்கும். அதன் இறுதியில் உள்ள உட்பிரிவு சுவையானது. பொதுமக்களின் பாதுகாப்பு, நலம், வசதி, அறிவு ஆகியவற்றை வளர்க்கக்கூடிய வேறெந்தச் செயலும் இதில் அடங்கும் என்று அது கதவை அகலத் திறந்து வைக்கிறது. கடமைகளின் பட்டியல் எண்ணி முடிக்கத்தக்கது. விருப்பங்களின் பட்டியலுக்கு எல்லை இல்லை.

செலவுத் திட்டம் தீட்டுவோர்க்கு இப்பாகுபாட்டின் பொருள் தெளிவானது. வருவாய் குறையும் ஆண்டில் முதலில் வெட்டுப்படுவது 'லாம்' பட்டியல். வாங்கிய கடனின் தவணையும் வட்டியும் 'வேண்டும்' என்னும் வாசகத்தின் காவலைப் பெற்றவையாதலால் அவற்றின்மேல் கை வைக்க இயலாது. கடன் கொடுத்தவனுக்குக் கிடைத்த இலக்கணப் பாதுகாப்பு நூலகத்திற்குக் கிடைக்கவில்லை என்றும் இதனைக் கூறலாம்.

இவ்விடத்தில் மொழிபெயர்ப்பாளர் கவனத்திற்குரிய முரண் ஒன்று உண்டு. ஆங்கிலச் சட்டம் இரண்டாம் பட்டியலுக்கு வழங்கும் 'டிஸ்க்ரெஷன்' என்ற சொல்லின் வேர் பகுத்தறிதலைக் குறிக்கும். இது தக்கது, இது தகாதது என்று ஆய்ந்து தெளியும் ஆற்றலே அது. தமிழில் இதனை 'விருப்பக் கடமைகள்' என்றும் 'விருப்புரிமை' என்றும் பெயர்த்துள்ளோம். பகுத்தறிவு விருப்பமாகிவிட்டது. மறுபுறம், கட்டாயத்தைக் குறிக்க நாம் ஆளும் 'வேண்டும்' என்ற சொல்லோ விருப்பத்தில் பிறந்தது. குறள் முதலிய பழைய நூல்களில் 'வேண்டுதல்' விரும்புதலே. பின்னரே அது வினையெச்சத்தோடும் தொழிற்பெயரோடும் சேர்ந்து கடப்பாட்டைக் குறிக்கும் துணைவினையாக இறுகியது. ஆக, தமிழ்ச் சட்ட வழக்கில் ஆசைச்சொல் கட்டளையாகவும், ஆய்வுச்சொல் ஆசையாகவும் இடம் மாறியுள்ளன. பழைய அலுவலக வழக்கில் இருந்த 'உசிதம்' என்பது மூலத்திற்கு இன்னும் நெருக்கமானது என்பது என் கருத்து. அதனை மீட்டெடுக்க எவரும் முன்வரமாட்டார் என்பதையும் அறிவேன்.

பட்டியலில் இல்லாத பணிக்கு நேரும் கதியைச் சென்னையின் வரலாறு காட்டுகிறது. 1920இல் சர் பிட்டி தியாகராயரின் தலைமையில் சென்னை மாநகராட்சி, ஆயிரம் விளக்குப் பகுதியிலிருந்த தன் பள்ளியில் மாணவர்க்கு ஒரு நாளைக்குத் தலைக்கு ஓரணாவுக்கு மிகாமல் செலவிட்டுச் சிற்றுண்டி வழங்கத் தீர்மானித்தது. மாணவர் வருகை கூடியது. திட்டம் வேறு சில பள்ளிகளுக்கும் பரவியது. தடை பசியைப் பற்றிய விவாதத்திலிருந்து வரவில்லை. கணக்குத் தலைப்பிலிருந்து வந்தது. தொடக்கக் கல்வி நிதியிலிருந்து உணவுக்குச் செலவிட அரசு இசையவில்லை. 1925 ஏப்ரலில் திட்டம் நின்றது. கல்வி என்னும் சொல்லுக்குள் உணவு அடங்குமா என்ற பொருள்கோள் வினாவே அங்கு குழந்தைகளின் தட்டை நிரப்பவும் ஒழிக்கவும் வல்லதாயிருந்தது.

'வேண்டும்' என்பதன் வலிமையை முழுதும் சோதித்த வழக்கு மத்தியப் பிரதேசத்தின் ரத்லாம் நகரில் எழுந்தது. அங்கு ஒரு தெருவில் திறந்த சாக்கடையும், சாராய ஆலையின் கழிவுநீரும், கழிப்பிடமற்ற ஏழை மக்கள் வேறு வழியின்றித் தெருவோரத்தில் ஒதுங்கியதால் சேர்ந்த மலமும் குடியிருப்போரை வாட்டின. அவர்கள் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 133ஆம் பிரிவின்கீழ் நடுவரை அணுகினர். நடுவர் ஆணையிட்டார், அமர்வு நீதிமன்றம் அதனை நீக்கியது, உயர் நீதிமன்றம் மீண்டும் நிலைநாட்டியது. நகராட்சி உச்ச நீதிமன்றம் வரை சென்றது. பணமில்லை என்பதே அதன் வாதத்தின் சாரம்.

1980 ஜூலையில் நீதிபதி வி. ஆர். கிருஷ்ண ஐயர் எழுதிய தீர்ப்பு அவ்வாதத்தை ஏற்கவில்லை. மாநில நகராட்சிச் சட்டத்தின் 123ஆம் பிரிவு தூய்மையைக் கடமையென்று விதித்துள்ளபோது, நிதியின்மை அக்கடமையிலிருந்து விடுவிக்காது என்றார். ஆறு மாதத்திற்குள் போதிய பொதுக் கழிப்பிடங்கள் கட்டுமாறும், ஆலைக் கழிவைத் தடுக்குமாறும் நீதிமன்றம் ஆணையிட்டது. முக்கியத்துவம் குறைந்த இனங்களிலும் வசதி படைத்தோர்க்கான திட்டங்களிலும் செலவைக் குறைத்து, மிச்சத்தைச் சுகாதாரத்திற்குத் திருப்புமாறும் கூறியது. நகரத்தின் செலவு வரிசையை நீதிமன்றமே திருத்தி எழுதியது எனலாம்.

நம் பொருளுக்கு இத்தீர்ப்பின் இன்னொரு கூறு மேலும் முக்கியமானது. நடுவர்க்கு அதிகாரம் தரும் 133ஆம் பிரிவு 'லாம்' என்ற வாசகத்திலேயே அமைந்தது. அவர் ஆணையிடலாம், இடாமலும் இருக்கலாம். கிருஷ்ண ஐயரோ, யாருடைய நன்மைக்காக அவ்வதிகாரம் தரப்பட்டதோ அவர் தக்க சூழலை மெய்ப்பித்துக் காட்டும்போது விருப்புரிமை கடமையாகிவிடும் என்று கூறினார். இச்சிந்தனைக்கு மூதாதை உண்டு. 1880இல் ஆக்ஸ்போர்டு ஆயர் தொடர்பான வழக்கில் இங்கிலாந்துப் பிரபுக்கள் அவை, அதிகாரம் தரும் சொல் தன்னளவில் அதிகாரத்தையே தரும் என்றும், கடமை சூழலிலிருந்து பிறக்கக்கூடும் என்றும் விளக்கியிருந்தது. அவ்வழக்கில் ஆயரே வென்றார். நூறாண்டு கழித்து ரத்லாமில் வென்றவர்கள் தெருவாசிகள்.

1992இல் நிறைவேறி 1993 ஜூன் 1 முதல் நடைமுறைக்கு வந்த அரசியலமைப்பின் 74ஆம் திருத்தத்திலும் இவ்விரு துணைவினைகளும் கலந்தே வருகின்றன. நகராட்சிகள் அமைக்கப்படுதல் வேண்டும். ஐந்தாண்டுக்கொருமுறை மாநில நிதி ஆணையம் ஏற்படுத்தப்படுதல் வேண்டும். இவை 'ஷல்'. ஆனால் எந்தப் பணிகளை ஒப்படைப்பது என்று கூறும் 243டபிள்யூ உறுப்பும், எந்த வரிகளை விதிக்க அனுமதிப்பது என்று கூறும் 243எக்ஸ் உறுப்பும் மாநிலச் சட்டமன்றத்தை நோக்கி 'மே' என்றே பேசுகின்றன. அமைப்பு கட்டாயம்; அதன் கையில் பணியும் பணமும் தருவது மாநிலத்தின் உசிதம். சென்னையில் 1973இல் கலைக்கப்பட்ட மன்றம் 1996இல் மீண்டும் தேர்ந்தெடுக்கப்பட்டது 'ஷல்' செய்த வேலை. 2016 முதல் 2022 வரை அதே நகரம் மறுபடியும் மன்றமின்றி இருந்தது அச்சொல்லின் எல்லை.

இவ்வுறுப்புகளைத் தமிழாக்குவோர் சில வேளை 'ஷல்' வருமிடத்தில் 'மன்றம் அமைக்கப்படும்' என்று 'உம்' ஈற்று வினைமுற்றை ஆள்வதுண்டு. படிக்க எளிது, ஆயினும் அது விதியா, முன்னறிவிப்பா, வழக்கத்தின் விவரிப்பா என்பது மயங்கும். 'அமைக்கப்படுதல் வேண்டும்' என்பது நடைக்குச் சற்றுக் கனமானாலும் மயக்கமற்றது. 'லாம்' என்பதிலும் இசைவுப் பொருளும் ஐயப்பொருளும் உடன் உறைகின்றன.

243டபிள்யூ உறுப்பு சுட்டும் பன்னிரண்டாம் அட்டவணையில் 18 இனங்கள் உள்ளன. அவற்றில் தீயணைப்பு மும்பையில் மாநகராட்சியின் பணி. சென்னையில் மாநில அரசுத் துறையின் பணி. குடிநீரை மும்பையில் மாநகராட்சியே வழங்குகிறது. சென்னையில் 1978ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழி வந்த தனி வாரியம் வழங்குகிறது. குழாயில் நீர் வராத நாளில் மும்பைவாசி தன் மாமன்ற உறுப்பினரைக் கேட்கலாம். சென்னையில் உள்ளவரும் கேட்கிறார்; உறுப்பினர் வாரியத்தைக் கைகாட்டுகிறார்.