ஒரு கணினி, பல தலைகள்: ஸ்டீம் கணக்கெடுப்பின் 2017

கணினி விளையாட்டாளர்கள் எந்த இயங்குதளத்தைப் பயன்படுத்துகின்றனர் என்ற கேள்விக்கு ஆய்வாளர்களும் விளையாட்டு நிறுவனங்களும் முதலில் காட்டுவது ஸ்டீம் வன்பொருள் கணக்கெடுப்பையே. வால்வ் நிறுவனம் 2003இல் தொடங்கிய ஸ்டீம் தளம், மாதந்தோறும் சில பயனர்களின் திரையில் ஓர் அழைப்பை வைக்கிறது. இசைந்தால் கணினியின் விவரங்கள் பெயரின்றிச் சென்றுசேரும். மறுத்தால் அத்தோடு முடிந்தது. அழைக்கப்பட்டோர் எத்தனை பேர், இசைந்தோர் எத்தனை பேர் என்பது வெளியிடப்படுவதில்லை. வெளிவருவன விழுக்காடுகள் மட்டுமே.

2017 ஆகஸ்டு முதல் அவ்விழுக்காடுகள் வழக்கத்துக்கு மாறாக நகர்ந்தன. எளிய சீன எழுத்தில் தளத்தைப் பயன்படுத்துவோர் பாதியைத் தாண்டினர். பழைய விண்டோஸ் 7 மீண்டும் வளர்ந்தது. லினக்ஸின் பங்கு அரை விழுக்காட்டுக்கும் கீழே சரிந்தது. சீனாவில் ஸ்டீம் பரவியது மெய்தான். ஆனால் அது காரணத்தின் ஒரு பகுதியே.

மறுபகுதியை 2018 ஏப்ரல் மாத முடிவுகளோடு வால்வே விளக்கியது. ஒரு கணினி ஆண்டுக்கு ஒருமுறை மட்டுமே எண்ணப்பட வேண்டும் என்பது விதி. அதைக் காப்பது பயனரின் கணினியிலேயே இயங்கும் ஒரு முறை. ஆசியாவின் இணைய மையங்கள் தம் கணினிகளைப் பராமரித்த விதத்தால் அங்கு வந்தவர்கள் மிகையாக எண்ணப்பட்டனர்.

மேற்கு தில்லியின் ஜனக்புரியில் இத்தகைய மையம் ஒன்றைக் கற்பனை செய்துகொள்ளலாம். மறுதொடக்கத்தின்போது வட்டைப் பழைய நிலைக்குத் திருப்பிவிடுவது இவ்வகை மையங்களில் பரவலான வழக்கம். எண்ணப்பட்டதற்கான அடையாளமும் அதோடு அழிந்தால், ஒரே கணினியில் அடுத்தடுத்து அமரும் எட்டு மாணவர்கள் எட்டுக் கணினிகளாகிவிடுவர். அந்த எட்டும் மாணவர்கள் தேர்ந்த இயங்குதளம் அன்று, உரிமையாளர் நிறுவியது. அடுத்த தெருவில் தன் வீட்டிலேயே லினக்ஸில் விளையாடுபவர் ஒருவராகவே நிற்பார்.

வேடிக்கை என்னவென்றால், இந்தியாவின் 2011ஆம் ஆண்டு சைபர் கஃபே விதிகளின்படி மையத்தார் வைத்திருக்க வேண்டிய பதிவேட்டில் வாடிக்கையாளரின் பெயரோடு எந்தக் கணினி என்பதும் இடம்பெற வேண்டும். கண்காணிப்புக்காக எழுந்த அந்தப் பதிவேடு, ஆளையும் கணினியையும் பிரித்தறிவதில் கணக்கெடுப்பைவிடத் தெளிவானது.

விரும்பியோர் மட்டும் விடையளிக்கும் கணக்கெடுப்பின் குறை பழையது. 1936 அமெரிக்கத் தேர்தலில் லிட்டரரி டைஜஸ்ட் இதழ் ஏறத்தாழ ஒரு கோடி வாக்குச்சீட்டுகளை அனுப்பி, திரும்பிவந்த இருபது இலட்சத்துக்கும் மேற்பட்டவற்றைக் கொண்டு லாண்டன் வெல்வார் என்றது. ரூஸ்வெல்ட் 48 மாநிலங்களில் 46ஐக் கைப்பற்றினார். அடுத்த ஆண்டு வங்கத்தில் சணல் பரப்பை அளக்கத் தொடங்கிய மகலனோபிஸ், சமவாய்ப்பில் நிலங்களைத் தேர்ந்து, ஒரே பகுதிக்குத் தனித்தனிக் குழுக்களை அனுப்பினார். இரு குழுக்களின் முடிவுகள் முரண்பட்டால் பிழை தானே வெளிப்படும். அங்கு எண்ணும் அலகு வயல். வயல் ஒரே நாளில் எட்டு முறை உள்நுழைவதில்லை.

ஸ்டீமில் அத்தகைய இரண்டாம் குழு இல்லை. ஆயினும் லினக்ஸுக்கு ஒரு விளையாட்டைக் கொண்டுவருவது செலவுக்குத் தகுமா என்பதை இந்த விழுக்காட்டைப் பார்த்தே பலரும் எடைபோடுகின்றனர். லினக்ஸ் வழியில் இயங்கும் ஸ்டீம் டெக் கையடக்கக் கருவி 2022 பிப்ரவரியில் வந்தது. 2025 அக்டோபரில் லினக்ஸின் பங்கு 3 விழுக்காட்டைத் தாண்டியது. அது எத்தனை கருவிகள் என்பதை அட்டவணை இன்றும் சொல்வதில்லை.