பழைய கேமராவும் பழைய பிலிமும்

கோவைக்காரர்கள் யாரும் வெரைட்டி ஹால் ரோட்டைத் தாண்டாமல் இருக்க முடியாது. ஆனால் அந்தப் பெயர் எங்கிருந்து வந்தது என்று கேட்டால் பாதிப் பேர் விழிப்பார்கள். 1914-ல் சாமிக்கண்ணு வின்சென்ட் கட்டிய சினிமாக் கொட்டகையின் பெயர் அது. இதைப் பற்றி நிறைய பேர் எழுதிவிட்டார்கள். எனக்குப் பிடித்தது அதற்கு ஒன்பது வருடம் முந்தைய கதை.

1905-ல் வின்சென்ட் திருச்சியில் ரயில்வேயில் படம் வரைகிற உத்தியோகத்தில் இருந்தார். டூபாண்ட் என்ற பிரெஞ்சுக்காரர் ஊர் ஊராகச் சினிமா காட்டிக்கொண்டு அந்தப் பக்கம் வந்தார். உடம்பு சரியில்லாமல் போகவே, எல்லாவற்றையும் விற்றுவிட்டு ஊர் திரும்ப நினைத்தார். அவருடைய புரொஜக்டரையும் படச்சுருள்களையும் வின்சென்ட் வாங்கிக்கொண்டு வேலையை விட்டுவிட்டுக் கிளம்பினார். ஆக, நம்ம பக்கத்துச் சினிமா வரலாறே ஒரு செகண்ட் ஹேண்ட் மெஷினில்தான் தொடங்குகிறது!

அந்த வியாபாரம் ஓடியதற்கு வின்சென்ட்டின் துணிச்சல் ஒரு காரணம். இன்னொன்று அந்த மெஷினின் அமைப்பு. புரொஜக்டர் எவ்வளவு பழசானாலும் அதில் புதுச் சுருள் போடலாம். மெஷின் பழசு, படம் புதுசு. இந்த ஒரு வரியை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். ஏனென்றால் நான் சொல்ல வந்தது சினிமாவைப் பற்றி இல்லை. செகண்ட் ஹேண்டில் மீடியம் ஃபார்மட் டிஜிட்டல் கேமரா வாங்கலாமா என்பதைப் பற்றி.

முதலில் மீடியம் ஃபார்மட் என்றால் என்ன என்று பார்த்துவிடலாம். கோடாக் கம்பெனி 1901-ல் 120 என்ற ரோல் பிலிமைக் கொண்டுவந்தது. சுமார் 6 சென்டிமீட்டர் அகலம். சதுரமாக எடுத்தால் ஒரு ரோலில் 12 படம். எங்கள் வீட்டில் 1970களிலும் 80களிலும் நடந்த கல்யாணங்களின் ஆல்பத்தைப் புரட்டினால் படங்கள் எல்லாம் சதுரம். யாஷிகா, ரோலிஃப்ளெக்ஸ் மாதிரி இரட்டைக் கண் கேமராக்களில் எடுத்தவை. பெட்டியை வயிற்றோடு அணைத்து, குனிந்து மேலிருந்து பார்ப்பார்களே, அந்தக் கேமரா.

36 படம் எடுக்கும் சின்ன 35 எம்.எம் பிலிம் இருக்கும்போது 12 படம் எடுக்கிறதை ஏன் பிடித்துத் தொங்கினார்கள்? தெளிவு ஒரு காரணம். ஸ்டுடியோக்காரர்களுக்கு அதைவிடப் பெரிய காரணம் டச்சிங். கூர்மையாகச் சீவிய பென்சிலால் நெகட்டிவின் மேலேயே அம்மைத் தழும்பையும் கண்ணுக்குக் கீழ் கருவளையத்தையும் மறைப்பார்கள். பெண் பார்க்க அனுப்புகிற போட்டோவுக்கு இது கட்டாயம். 35 எம்.எம் நெகட்டிவில் முழு ஆளை எடுத்தால் முகம் கடுகளவு. அதில் பென்சில் எங்கே ஓடும்? அதனால் பெரிய நெகட்டிவ் என்பது ஆடம்பரம் இல்லை, போர்ட்ரெய்ட் தொழிலுக்கு அடிப்படை.

1991-க்கு முன்னால் வெளிநாட்டுக் கேமராவை இறக்குமதி செய்வது லேசுப்பட்ட காரியம் இல்லை. அதனால் ஒரு யாஷிகா கை மாறிக் கை மாறி இருபது, முப்பது வருடம் உழைத்தது. பிலிம் நம்ம மலை மேலேயே தயாரானது. ஊட்டியில் கூடலூர் சாலையில் 1960-ல் தொடங்கப்பட்ட மத்திய அரசு நிறுவனமான இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ், 1967-ல் உற்பத்தியை ஆரம்பித்தது. பெயர் 'இந்து'. ஒரு ஊரே அதனால் இந்து நகர் ஆனது. எக்ஸ்ரே பிலிம், சினிமா பிலிம், போட்டோ பேப்பரோடு ஸ்டுடியோக்காரர்களுக்கான 120 ரோலும் அங்கிருந்து வந்தது. கடன் ஏறி, 1990களின் நடுவில் நலிந்த நிறுவனமாகி, 2010களில் அது மூடப்பட்டது தனிச் சோகம், அதற்குத் தனிப் பதிவே போடலாம். இங்கே கவனிக்க வேண்டியது வேறு. 1965-ல் செய்த கேமராவில் 1985-ல் வந்த பிலிமைப் போட முடிந்தது. பிலிம் முன்னேற முன்னேற, பழைய கேமராவும் கூடவே முன்னேறியது. வின்சென்ட்டின் புரொஜக்டர் கதைதான்.

டிஜிட்டல் வந்ததும் இந்தக் கணக்கு தலைகீழானது.

ஆரம்பத்தில் தலைகீழாகும் என்று யாருக்கும் தோன்றவில்லை. ஹாஸல்பிளாட், மமியா கேமராக்களின் முதுகைக் கழற்றலாம். பிலிம் இருக்கும் பெட்டியை எடுத்துவிட்டு சென்சார் இருக்கும் பெட்டியை மாட்டினால் போதும். அதற்கு டிஜிட்டல் பேக் என்று பெயர். 1990களின் தொடக்கத்தில் வந்த லீஃப் பேக்கில் மொத்தமே 4 மெகாபிக்சல். கலர் வேண்டுமென்றால் சிவப்பு, பச்சை, நீல ஃபில்டர்களை மாற்றி மாற்றி மூன்று தடவை எடுக்க வேண்டும். சோப்பு டப்பா அசையாமல் நிற்கும்; மாடல் நிற்பாரா? அதனால் அது போர்ட்ரெய்ட்டுக்கு உதவவில்லை. ஒரே கிளிக்கில் கலர், கம்ப்யூட்டர் ஒயர் இல்லாமல் கார்டில் சேமிப்பு என்று வந்த பிறகுதான் ஃபேஷன்காரர்கள் பக்கம் திரும்பினார்கள். 2008-ல் ஃபேஸ் ஒன் பி65 பிளஸ் வந்தது. 60 மெகாபிக்சல், சென்சார் கிட்டத்தட்ட 645 பிலிம் அளவு. பேக்கின் விலை மட்டும் ஏறக்குறைய 40,000 டாலர்.

இங்கே பி.காம். மாணவன் கொஞ்சம் தலைகாட்டுகிறேன், மன்னிக்கவும். குறைந்து செல் மதிப்பு முறையில் வருடம் 15 சதவீதம் தேய்மானம் போட்டால், 40,000 டாலர் பேக் பத்து வருடம் கழித்து, 2018-ல், புத்தகத்தில் சுமார் 7,900 டாலர் இருக்கும். அதே 2018-ல் ஃபூஜிஃபிலிம் ஜிஎஃப்எக்ஸ் 50ஆர் என்ற 50 மெகாபிக்சல் மீடியம் ஃபார்மட் கேமரா புத்தம் புதிதாக 4,499 டாலருக்கு வந்தது. வாரண்டியோடு! பிறகு பழைய பேக்கை 7,900-க்கு யார் வாங்குவார்கள்? கணக்குப் புத்தகத்துத் தேய்மானம் பல் சக்கரம் தேய்வதைக் கணக்கில் எடுத்துக்கொள்ளும். பி65 பிளஸ்ஸில் எந்தச் சக்கரமும் தேயவில்லை. பக்கத்துக் கடையில் புது பிலிம் வந்துவிட்டது, அதை இதில் போட முடியாது, அவ்வளவுதான். டிஜிட்டல் பேக்கை வாங்குகிறவர் 2008-ம் வருட பிலிமை ஆயுளுக்கும் சேர்த்து வாங்குகிறார்.

இதை இவ்வளவு தூரம் ஏன் நோண்டுகிறேன் என்றால், திருப்பூரில் எனக்கு ஒரு நண்பன். பனியன், நைட்டி, குழந்தைகள் உடுப்புக்கு கேட்டலாக் போட்டோ எடுக்கிறான். "மாப்ள, பெரிய கம்பெனிக்காரங்க எல்லாம் மீடியம் ஃபார்மட் இருக்கான்னு கேக்கறாங்கடா" என்று சீட்டைத் தள்ளி எடுத்து ஒரு பழைய கேமரா வாங்கும் யோசனையில் இருக்கிறான். சீட்டுத் தள்ளி எடுப்பது எவ்வளவு நஷ்டம் என்று கொங்கு நாட்டில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. அவன் கண் வைத்திருப்பது 2000களின் ஒரு பழைய சிசிடி பேக். 'அந்த நிறம் இப்போது வராது' என்று அதற்கு ஒரு ரசிகர் கூட்டமே இருக்கிறது. என் அபிப்பிராயம், அந்த நிறத்தில் பாதி லைட்டிங், மீதியில் பெரும்பகுதி சாஃப்ட்வேர்.

சிசிடி பேக்கில் இருக்கும் நடைமுறைச் சிக்கல்களோ கண்ணுக்குத் தெரிந்தவை. ஐஎஸ்ஓ கொஞ்சம் ஏற்றினாலே புள்ளி புள்ளியாகிவிடும். பின்பக்கத் திரையில் ஃபோகஸ் சரியா என்று பார்ப்பது கிணற்றுக்குள் எட்டிப் பார்ப்பது போல. கம்ப்யூட்டரில் இணைக்க ஃபயர்ஒயர் வேண்டும், இன்றைய லேப்டாப்பில் அந்த ஓட்டையே கிடையாது. சென்சார் செய்து கொடுத்த கோடாக் 2011-ல் அந்தப் பிரிவையே விற்றுவிட்டது. கான்டாக்ஸ் 645 கேமராவைச் செய்த கியோசெரா 2005-லேயே கேமரா தொழிலை விட்டு வெளியேறியது. ரிப்பேர் என்றால் யாரிடம் போவது?

அப்படியென்றால் பழசே வேண்டாமா? அதுவும் இல்லை. வரலாற்றில் 2014 என்று ஒரு கோடு போட்டுக்கொள்ள வேண்டும். அந்த வருடம் சோனி செய்த 44×33 மில்லிமீட்டர், 50 மெகாபிக்சல் சீமாஸ் சென்சார் வந்தது. ஃபேஸ் ஒன் ஐக்யூ250, ஹாஸல்பிளாட் எச்5டி-50சி, பென்டாக்ஸ் 645இசட் மூன்றிலும் அதுதான். 2016-ல் அறிவிக்கப்பட்ட ஹாஸல்பிளாட் எக்ஸ்1டி, 2017-ல் வந்த ஜிஎஃப்எக்ஸ் 50எஸ், நான் மேலே சொன்ன 50ஆர், 2021-ல் வந்த 50எஸ் இரண்டாம் மாடல் எல்லாவற்றிலும் அடிப்படையில் அதே குடும்பத்துச் சென்சார். 645இசட் வந்தபோது விலை 8,499 டாலர். 50எஸ் இரண்டாம் மாடல் 3,999 டாலர். ஏழு வருடம் ஒரே பிலிம்! டிஜிட்டல் உலகத்தில் இது அதிசயம். இந்தக் கூட்டத்தில் பழசை வாங்குகிறவர் படத்தில் பெரிதாக எதையும் இழப்பதில்லை. இழப்பதெல்லாம் வேகமும் வசதியும்தான். (முதல் எக்ஸ்1டியை ஆன் செய்துவிட்டு ஒரு டீ குடித்துவிட்டு வரலாம் என்று கிண்டல் உண்டு.)

ஒரு சின்ன உண்மையையும் சொல்லிவிடுகிறேன். 44×33 என்பது 1,452 சதுர மில்லிமீட்டர். சாதாரண ஃபுல் ஃப்ரேம் 864. ஆக ஒன்றே முக்கால் மடங்குகூட இல்லை. பழைய யாஷிகாவின் 56×56 நெகட்டிவோ 3,136. இப்போது மீடியம் ஃபார்மட் என்று விற்பது தாத்தா காலத்துக் கேமராவில் பாதிகூடத் தேறாது. பெயரைப் பார்த்து மயங்க வேண்டாம்.

திருப்பூருக்கென்று இரண்டு பிரச்சினைகள் தனியாக உண்டு. முதலாவது துணி. இரண்டு கொசுவலையை ஒன்றின் மேல் ஒன்று வைத்தால் அலை அலையாக ஒரு கோலம் தெரியுமே, அதற்கு மொய்ரே என்று பெயர். துணியின் நெசவும் சென்சாரின் கட்டமும் மோதினால் படத்தில் அதே அலை வரும், கூடவே இல்லாத கலரும் வரும். இந்தக் கேமராக்களில் அதைத் தடுக்கும் ஃபில்டர் பொதுவாகக் கிடையாது, கூர்மைக்காக விட்டுவிட்டார்கள். மெகாபிக்சல் குறைந்த பழைய பேக்கில் இது அதிகம் படுத்தும். முகத்துக்குச் சரி, ரிப் பின்னல் துணிக்கு? வாங்குபவன் துணியைப் பார்த்துத்தானே ஆர்டர் கொடுக்கிறான்.

இரண்டாவது நம்ம ஊர் வெயில். உச்சி வெயிலில் ஐஎஸ்ஓ 100, 1/125 வினாடி வைத்தால் அப்பர்ச்சர் எஃப்16 வரை மூட வேண்டும். பென்டாக்ஸிலும் ஃபூஜியிலும் ஃபிளாஷ் சாதாரணமாக 1/125 வரைதான் ஒத்துப்போகும். பின்னணி மங்கலாக வராது, ஃபிளாஷும் பெரிதாக வேண்டும். ஷட்டர் லென்ஸுக்குள்ளேயே இருக்கும் ஹாஸல்பிளாட் எச் வரிசையில் 1/800 வரை போகலாம், எஃப்6.3 போதும். எக்ஸ்1டியில் 1/2000 வரைகூட. 2002-ல் வந்த ஹாஸல்பிளாட் எச்1-ஐ ஃபூஜியோடு சேர்ந்துதான் செய்தார்கள். அந்த உறவில்தானோ என்னவோ, எச் லென்ஸை ஜிஎஃப்எக்ஸில் மாட்ட ஃபூஜியே அடாப்டர் விற்றது, லென்ஸுக்குள் இருக்கும் ஷட்டரும் வேலை செய்யும். பழைய லென்ஸ், புது பிலிம். வின்சென்ட்டுக்குப் பிடித்திருக்கும்.

நண்பனுக்கு நான் சொன்னது இதுதான். சிசிடி பேக்கை விட்டுவிடு. ஸ்டுடியோவுக்குள் மட்டும் வேலை என்றால் 645இசட் போதும். வெளியிலும் எடுப்பாய் என்றால் 50எஸ் அல்லது 50ஆர். அதையும் முதலில் இரண்டு வேலைக்கு வாடகைக்கு எடுத்துப் பார், பெரிய கம்பெனிக்காரர் கூலியை உயர்த்திக் கொடுக்கிறாரா என்று அதிலேயே தெரிந்துவிடும். அதன் பிறகு சீட்டைப் பற்றி யோசிக்கலாம்.

அவன் முழுசாகச் சம்மதிக்கவில்லை. ஆனால் சனிக்கிழமை கோவையில் ஒரு 50ஆரைப் பார்க்க ஒத்துக்கொண்டிருக்கிறான். லென்ஸை மூடி ஒரு படம், வெள்ளைச் சுவரை ஒரு படம் எடுத்தால் செத்த பிக்சலும் சென்சார் அழுக்கும் தெரிந்துவிடும். சொந்தக் கார்டு, லேப்டாப், ஃபிளாஷ் ட்ரிகர், அப்புறம் இரண்டு மீட்டர் ரிப் துணி கொண்டுவரச் சொல்லியிருக்கிறேன்.

"கேமரா வாங்கப் போறமா, துணி விக்கப் போறமாடா?" என்கிறான்.