மூழ்கிய கப்பலும் மூன்றில் ஒரு பங்குக் கணக்கும்

மும்பை, புனே, பெங்களூரு என்று பிழைக்க வந்த நம் குடும்பங்களில் முன்பெல்லாம் லீவு விட்டால் ஊருக்கு ரயில் ஏறுவதோடு சரி. இப்போது பிள்ளைகள் சம்பாதிக்க ஆரம்பித்ததும் கோவா, அந்தமான் என்று டிக்கெட் போடுகிறார்கள். முதல் தடவை ஸ்கூபா டைவிங் போய்விட்டு மீன்களுக்கு நடுவே எடுத்த போட்டோவை அனுப்புவார்கள். அடுத்த வருடம், "கடலுக்கடியில பழைய கப்பல் ஒண்ணு கிடக்காம், அதுக்குள்ள போய்ப் பார்க்கலாமாம்" என்று தொடங்குவார்கள்.

உடனே வீட்டில் இரண்டு கட்சி. "அதெல்லாம் ஒண்ணும் வேண்டாம்" என்று அம்மா. "எல்லாரும்தானே போறாங்க" என்று பிள்ளை. என்னைக் கேட்டால் இரண்டு பேர் சொல்வதும் முழுசாகச் சரியில்லை. மூழ்கிய கப்பலில் இறங்குவதற்கு நூற்றிருபது வருடத்துக்கு மேல் எழுதப்பட்ட வரலாறு இருக்கிறது. அதில் செத்தவர்கள் யார், பிழைத்தவர்கள் யார் என்று பார்த்தாலே வீட்டுச் சண்டைக்குப் பாதி தீர்வு கிடைத்துவிடும்.

கிரேக்கக் கடலில் ஒரு சாவு

1900ஆம் ஆண்டு, கிரேக்க நாட்டின் சிமி தீவைச் சேர்ந்த கடற்பஞ்சு எடுக்கும் ஆட்கள் ஆன்டிகிதீரா தீவுக்குப் பக்கத்தில் இறங்கினார்கள். அடியில் இரண்டாயிரம் ஆண்டுப் பழைய கப்பல் ஒன்று சிலைகளோடு கிடந்தது. உலகின் மிகப் பழைய 'கணக்குப் பொறி' என்று படித்திருப்பீர்களே, பல்சக்கரங்கள் வைத்த வெண்கலக் கருவி, அது இங்கேதான் கிடைத்தது. அரசாங்கம் அந்த ஆட்களையே வைத்து 1901 வரை பொருட்களை எடுத்தது.

ஆழம் 45 மீட்டருக்கும் மேல். தலையில் செப்புக் கவசம், மேலே படகிலிருந்து குழாய் வழியாகக் காற்று. வேலை முடிவதற்குள் ஒருவர் இறந்தார், இரண்டு பேர் முடங்கிப் போனார்கள். அவர்கள் ஒன்றும் கத்துக்குட்டிகள் இல்லை. கடலிலேயே வாழ்ந்தவர்கள். அனுபவம் மலையளவு இருந்தும் ஒரு விஷயம் அவர்களுக்குத் தெரியாது.

கடலில் ஒவ்வொரு 10 மீட்டர் இறங்கும்போதும் ஒரு வளிமண்டல அழுத்தம் கூடுகிறது. அந்த அழுத்தத்தில் சுவாசிக்கும்போது காற்றில் உள்ள நைட்ரஜன் ரத்தத்திலும் தசையிலும் கரைந்துகொண்டே போகும். கீழே இருக்கும் வரை ஒன்றும் தெரியாது. சட்டென்று மேலே வந்தால் கோலி சோடாவின் குண்டைத் தட்டியதும் பொங்குமே, அதே கதை உடம்புக்குள் நடக்கும். மூட்டுவலியில் ஆரம்பித்து கை கால் விழுந்துபோவது, மரணம் வரை போகும். இதற்கு 'பெண்ட்ஸ்' என்று பெயர். பிரான்ஸில் பால் பெர் என்ற விஞ்ஞானி 1878லேயே இந்தக் குமிழி விஷயத்தை எழுதிவிட்டார். ஆனால் எவ்வளவு ஆழத்திலிருந்து எவ்வளவு நேரம் எடுத்து மேலே வரவேண்டும் என்ற கணக்கு அப்போது யாரிடமும் இல்லை.

ஆடுகள் சொன்ன கணக்கு

பிரிட்டிஷ் கடற்படை அந்தக் கணக்கைப் போடும் வேலையை ஜான் ஸ்காட் ஹால்டேன் என்ற உடலியல் அறிஞரிடம் கொடுத்தது. அவர் ஆடுகளை அழுத்த அறையில் அடைத்து, பிறகு அழுத்தத்தைக் குறைத்துப் பார்த்தார். பெண்ட்ஸ் வந்த ஆடு முன்னங்காலைத் தூக்கிக்கொண்டு நிற்கும். ஆடு வாய்விட்டுச் சொல்ல வேண்டியதே இல்லை.

அவர் கண்டது இதுதான்: அழுத்தத்தைப் பாதியாகக் குறைத்தால் உடம்பு தாங்குகிறது. 40 மீட்டர் ஆழத்தில் மொத்தம் 5 வளிமண்டலம். பாதி என்றால் இரண்டரை, அதாவது 15 மீட்டர் ஆழம். அதுவரை தாராளமாக வரலாம். அதற்குப் பிறகு படிப்படியாக நின்று நின்றுதான் மேலே வர வேண்டும். எந்த ஆழத்தில் எத்தனை நிமிடம் என்று அட்டவணையே போட்டுவிட்டார். 1906இல் டாமன்ட், காட்டோ என்ற இரண்டு கடற்படைக்காரர்கள் ஸ்காட்லாந்தில் 64 மீட்டர் வரை இறங்கித் தங்கள் உடம்பிலேயே அதைச் சோதித்தார்கள். ஆய்வு 1908இல் வெளிவந்தது. அதை எழுதிய மூன்று பேரில் டாமன்ட்டும் ஒருவர். அந்தப் பெயரை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

லாரென்டிக்: 3,211 தங்கக் கட்டிகள்

வங்கிக்காரனுக்குப் பிடித்த பகுதி இதுதான் :-)

1917 ஜனவரி 25. முதல் உலகப்போர் நேரம். லாரென்டிக் என்ற பிரிட்டிஷ் கப்பல் அயர்லாந்தின் வடகரையில் ஜெர்மன் கண்ணிவெடியில் மோதி மூழ்கியது. 354 பேர் இறந்தார்கள். கப்பலில் இருந்தது 3,211 தங்கக் கட்டிகள், அன்றைய மதிப்பில் 50 லட்சம் பவுண்டு. வட அமெரிக்காவில் போர்த் தளவாடங்கள் வாங்குவதற்கான பணம் அது. கிடந்த ஆழம் சுமார் 40 மீட்டர். மீட்கும் பொறுப்பு யாருக்குப் போனது? அதே டாமன்ட்டுக்கு.

முதலில் கப்பலின் பக்கவாட்டுக் கதவு வழியாக உள்ளே போய்ச் சில கட்டிகளை எடுத்தார்கள். பிறகு புயல் அடித்துக் கப்பலே நொறுங்கியது. தளங்கள் ஒன்றின் மேல் ஒன்று விழுந்து, தங்கம் இரும்புத் தகடுகளுக்கு அடியில் மண்ணில் புதைந்தது. வெடி வைத்துத் தகடுகளை அகற்றி, மண்ணைக் கையால் தோண்டித் தேடினார்கள். வருடவாரியான வசூல் இது:

1917 – 542
1919 – 315
1920, 1921 இரண்டும் சேர்த்து – 50
1922 – 895
1923 – 1,255
1924 – 129

மொத்தம் 3,186. அதாவது 99.2 சதவீதம். வாராக்கடன் வசூலில் உட்கார்ந்தவர்களைக் கேளுங்கள், இது கனவில்கூட வராத எண்.

ஆனால் இந்தப் பட்டியலில் நான் அதிக நேரம் பார்ப்பது 1923ஐ இல்லை, நடுவில் இருக்கும் அந்த 50ஐத்தான். இரண்டு கோடைக்காலம் முழுவதும் வேலை செய்து வெறும் ஐம்பது கட்டி! எந்த மேனேஜருக்கும் "இன்னும் பத்து நிமிஷம் கூட இருங்கப்பா" என்று சொல்லத் தோன்றும். டாமன்ட் அட்டவணையை உடைக்கவில்லை. இடிபாடுகளை அகற்றும் வேலையைப் பொறுமையாகச் செய்தார். ஏழு வருடத்தில் ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட தடவை ஆட்கள் இறங்கினார்கள். ஒருவர்கூடச் சாகவில்லை.

ஆன்டிகிதீராவுக்கும் லாரென்டிக்குக்கும் ஆழம் ஏறக்குறைய ஒன்றுதான். கவசமும் குழாயும் ஏறக்குறைய அதேதான். லாரென்டிக்கில் கப்பல் இன்னும் மோசமாக நொறுங்கிக் கிடந்தது. கூடுதலாக இருந்தது இரண்டு: அட்டவணை, அதற்குக் கட்டுப்பட்டுப் பழகிய ஆட்கள்.

எல்லோர் முதுகிலும் சிலிண்டர்

1943இல் பிரான்ஸில் கூஸ்தோவும் காஞ்ஞானும் 'அக்வா லங்' கருவியைக் கடலில் சோதித்தார்கள். குழாய் போய்விட்டது, சிலிண்டர் முதுகில் ஏறியது. கடற்படைக்காரர்கள் மட்டும் போன இடத்துக்கு டாக்டரும் கடைக்காரரும் போகலாம் என்றாயிற்று. கூடவே, மேலே படகில் கடிகாரம் பார்த்துக் கயிற்றை இழுக்கும் ஆளும் போய்விட்டான். அவன் செய்த வேலையை இனி டைவரே செய்ய வேண்டும். பயிற்சி அமைப்புகள் வந்ததும் அதனால்தான். பிரிட்டனில் பிஎஸ்ஏசி 1953, அமெரிக்காவில் நவுய் 1960, பாடி 1966. நம் ஊர் டைவிங் சென்டர்களில் மாட்டியிருக்கும் போர்டுகளில் பாடி பெயரை அடிக்கடி பார்க்கலாம்.

திறந்த கடலில் ஏதாவது பிரச்சினை என்றால் மேலே போகலாம் என்ற கடைசி வழி இருக்கிறது. கப்பலுக்குள் தலைக்கு மேலே இரும்பு. அந்த வழி கிடையாது. குகைக்குள்ளும் இதே நிலைமைதான். அதனால் கப்பல் டைவிங்கின் பாதுகாப்பு விதிகளில் பல குகையிலிருந்து வந்தவை.

அமெரிக்காவின் புளோரிடாவில் நீரடிக் குகைகளில் பலர் இறந்துகொண்டே இருந்தார்கள். ஷெக் எக்ஸ்லி என்ற டைவர் ஒவ்வொரு சாவையும் ஆடிட் ரிப்போர்ட் போலப் பிரித்துப் பார்த்து 1979இல் ஒரு சிறிய புத்தகம் போட்டார். மூன்று காரணங்கள் திரும்பத் திரும்ப வந்தன: வாசலிலிருந்து கயிறு கட்டிக்கொண்டு போகவில்லை, திரும்பி வரப் போதுமான காற்றை ஒதுக்கவில்லை, அளவுக்கு மீறி ஆழம் போனார்கள். பயிற்சி இல்லாதது, போதுமான விளக்கு இல்லாதது என்ற இரண்டும் பிறகு சேர்ந்தன. பயிற்சி என்றால் சாதாரணக் கடல் டைவிங் பயிற்சி இல்லை, அந்த இடத்துக்கே உரிய பயிற்சி. குகை வாசல்களில் வைத்திருக்கும் எச்சரிக்கைப் பலகையில், இறந்த முந்நூறுக்கும் மேற்பட்டவர்களில் கடல் டைவிங் சொல்லிக்கொடுக்கும் ஆசிரியர்களும் உண்டு என்றே எழுதியிருக்கிறது.

காற்று விதி நமக்கு எளிதாகப் புரியும். சிலிண்டரில் 200 பார் இருந்தால் மூன்றில் ஒரு பங்கு உள்ளே போக, ஒரு பங்கு வெளியே வர, மூன்றாவது பங்கைத் தொடக்கூடாது. வங்கியில் வரும் டெபாசிட் முழுவதையும் கடனாகக் கொடுத்துவிட முடியாது, ஒரு பங்கை ரிசர்வ் வங்கியில் கட்டிவைக்க வேண்டும் இல்லையா, அது மாதிரி. அந்த மூன்றாவது பங்கு நமக்காக மட்டும் இல்லை. உள்ளே கடைசி முனையில் கூட வந்தவரின் காற்று நின்றுபோனால் இரண்டு பேரும் அதில்தான் வெளியே வர வேண்டும்.

யு-869: தந்தையும் மகனும்

1991இல் அமெரிக்காவின் நியூஜெர்சி கரையிலிருந்து சுமார் 60 மைல் தள்ளி, 70 மீட்டர் ஆழத்தில் ஒரு ஜெர்மன் நீர்மூழ்கியைக் கண்டுபிடித்தார்கள். அது எந்தக் கப்பல் என்று எந்த நாட்டு ஆவணத்திலும் இல்லை. அடையாளம் காண வேண்டும் என்ற வெறியில் திரும்பத் திரும்ப இறங்கினார்கள். 1997இல் உதிரிபாகப் பெட்டி ஒன்றின் பட்டையில் இருந்த எண்தான் யு-869 என்று காட்டிக்கொடுத்தது. அதற்குள் மூன்று டைவர்கள் இறந்திருந்தார்கள்.

அதில் இரண்டு பேர் அப்பாவும் பிள்ளையும். 1992 அக்டோபரில் மகன் நீர்மூழ்கிக்குள் இருந்தபோது உள்ளே இருந்த பொருட்கள் சரிந்து சிக்கிக்கொண்டான். அப்பா உள்ளே போய் விடுவித்தார். ஆனால் அதற்குள் நேரமும் காற்றும் கரைந்து, வழியில் நிற்க வேண்டிய நிறுத்தங்களை விட்டுவிட்டு இருவரும் நேராக மேலே வந்தார்கள். இரண்டு பேருமே பிழைக்கவில்லை.

இருவரும் நன்கு பயிற்சி பெற்ற குகை டைவர்கள் என்பதுதான் மனதைப் பிசைகிறது. அன்று அந்த ஆழத்தில் அவர்கள் சுவாசித்தது சாதாரணக் காற்று. 70 மீட்டரில் அதிலுள்ள நைட்ரஜன் குடித்தவனைப் போல மூளையை மயக்கும். இதற்காகவே ஹீலியம் கலந்த காற்று உண்டு, விலைதான் அதிகம். விதிகளை வகுத்த எக்ஸ்லியே 1994இல் மெக்சிகோவில் மிக ஆழமான டைவ் ஒன்றில் இறந்தார். சான்றிதழ் ஒரு எல்லை வரைக்கும்தான் காப்பாற்றும். எல்லை எது என்று சொல்வதுதான் அதன் முதல் வேலை.

நம் வீட்டுக்கு வருவோம்

சுற்றுலாவில் நீச்சல்கூடத் தெரியாதவர்களை ஆசிரியர் பிடித்துக்கொண்டு இறக்குகிறாரே, அது பயிற்சி இல்லை, ருசி பார்ப்பது. பாடி கணக்கில் அதற்கு எல்லை 12 மீட்டர். முறையாகப் படித்து ஓபன் வாட்டர் சான்றிதழ் வாங்கினால் 18 மீட்டர், அடுத்த நிலைக்கு 30 மீட்டர். பொழுதுபோக்கு டைவிங்குக்கு மொத்த எல்லையே 40 மீட்டர்தான். 18 மீட்டருக்குள் கிடக்கும் கப்பலை ஓபன் வாட்டர் படித்தவர் வெளியே இருந்து சுற்றிப் பார்க்கலாம். உள்ளே போக வேண்டும் என்றால் கப்பல் டைவிங்குக்கு என்றே தனிப் பயிற்சி இருக்கிறது. அதிலும் வாசல் வெளிச்சம் கண்ணில் படும் தூரம் வரைதான். காலைச் சற்று வேகமாக உதைத்தாலே துருவும் சேறும் கிளம்பி அந்த வாசல் மறைந்துவிடும். கயிறு கட்டுவது, உதைக்காமல் நகர்வது, மீன்வலையில் சிக்கினால் அறுப்பது எல்லாம் அங்கே சொல்லித்தருவார்கள்.

நம் பக்கத்துக் கடலிலேயே ஒரு உதாரணம். 1942 ஏப்ரல் 9 அன்று ஜப்பானிய விமானங்கள் மூழ்கடித்த பிரிட்டிஷ் விமானந்தாங்கிக் கப்பல் ஹெர்மிஸ் மட்டக்களப்புக்கு அப்பால் கிடக்கிறது. டைவர்களிடையே பெயர் பெற்ற இடம். ஆழம் சுமார் 53 மீட்டர். மேலே சொன்ன எல்லைகளோடு ஒப்பிட்டுப் பாருங்கள். கடல் எவ்வளவு தெளிவாக இருந்தாலும், கூட வருபவர் எவ்வளவு தைரியம் சொன்னாலும், அது விடுமுறைக்குப் போய்ப் பார்த்துவிட்டு வரும் இடம் இல்லை.

ஆகவே பிள்ளை கேட்டால் "வேண்டாம்" என்று சொல்லாதீர்கள், "சரி" என்றும் சொல்லிவிடாதீர்கள். நாலே கேள்வி கேளுங்கள். கப்பல் எத்தனை மீட்டரில் கிடக்கிறது? உன் சான்றிதழ் எத்தனை மீட்டருக்கு? உள்ளே போகப் போகிறாயா, அதற்குத் தனியாகப் படித்தாயா? கடைசி டைவ் முடிந்து எத்தனை மணி நேரம் கழித்து விமானம்? (பல டைவ் போனவர்கள் குறைந்தது 18 மணி நேரம் பறக்கக் கூடாது. கேபினிலும் அழுத்தம் குறைவு, மறுபடியும் அதே கோலி சோடா கதைதான்.) நாலுக்கும் தயங்காமல் பதில் வந்தால் மனநிம்மதியோடு அனுப்பிவையுங்கள். ஒன்றுக்குத் தடுமாறினாலும் பயிற்சிக்கு ஆகும் பணத்தை நீங்களே கொடுத்துவிட்டு, கப்பலை அடுத்த வருடத்துக்குத் தள்ளிப் போடச் சொல்லுங்கள். கப்பல் எங்கும் போய்விடாது.