பட்டுத் தறியும் பகுப்புப் பொறியும்

கணினியின் வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் மின்னணுவியலிலிருந்தே தொடங்குவர். அதன் வேர்களுள் ஒன்றோ பிரான்சின் லியோன் நகரத்துப் பட்டுத் தறியில் உள்ளது. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜக்கார்ட் என்பார் அமைத்த தறியில், துளையிட்ட அட்டைகளின் கோவையே நெசவை ஆண்டது. துளையுள்ள இடத்தில் ஊசி நுழையும். அதற்குரிய பாவு நூல் உயரும். துளையில்லாவிடத்து நூல் எழாது. கோலம் மாறவேண்டுமாயின் தறியை மாற்றவேண்டியதில்லை. அட்டைகளை மாற்றினாற் போதும். இதனையே இன்று செய்நிரல் என்கிறோம். 1839இல் ஜக்கார்டின் உருவத்தைப் பட்டில் நெய்தற்கு ஏறத்தாழ 24,000 அட்டைகள் வேண்டப்பட்டன.

அவ்வுருவத்தின் பிரதியொன்றை இலண்டனில் தம் இல்லத்தில் வைத்திருந்தவர் சார்ள்ஸ் பபேஜ். தாம் திட்டமிட்ட பகுப்புப் பொறிக்கும் அவர் துளை அட்டைகளையே தேர்ந்தார். அப்பொறி பற்றி மெனாப்ரியா 1842இல் பிரெஞ்சு மொழியில் எழுதிய கட்டுரையை மறு ஆண்டில் ஆங்கிலமாக்கிய ஏடா லவ்லேஸ், மூலத்தினும் நீண்ட குறிப்புகளை அதனோடு சேர்த்தார். மொழிபெயர்ப்பாளரின் பின்னிணைப்புத்தானே என்று எவரும் புரட்டிச் செல்லக்கூடிய அப்பக்கங்களிலேதான் புதுமை இருந்தது. எண்கள் பிற பொருள்களின் குறியாகவும் நிற்கலாம். சுரங்களிடையேயுள்ள உறவுகளை விதிகளாக்க முடியுமாயின் பொறி இசையையும் அமைக்கலாம் என்றார் அவர். பொறி தானாக எதனையும் தோற்றுவிக்காது, நாம் கட்டளையிட அறிந்ததையே செய்யும் என எழுதியவரும் அவரே. முதற் கூற்றை மட்டும் எடுத்துக் கொண்டாடுவது அவருக்கு நீதி செய்வதாகாது.

1950இல் அலன் ரூறிங் இரண்டாவது கூற்றைப் பெயர் சுட்டியே மறுத்தார். பொறிகள் தம்மை அடிக்கடி வியப்பில் ஆழ்த்துகின்றன என்பது அவர் விடை. பபேஜின் பொறியோ 1871இல் அவர் மறைந்தபோதும் முற்றுப்பெறாமலே கிடந்தது.